சுண்டைக்காய் டோங்காவின் ஆறாவது கட்டம்

போன வாரம் லேக் மார்க்கெட்டில் மிளகாய் வற்றல் வாங்கினேன். பிளாஸ்டிக் பைக்குக் கெடுபிடி வந்த பிறகு கடைகளில் மறுபடியும் காகிதப் பை தலைகாட்டுகிறது. இந்த ஊர் வங்காளத்தில் அதற்கு டோங்கா என்று பெயர். பழைய காகிதத்தை மடித்து, மைதாப் பசை தடவி ஒட்டியது. மிளகாயை டப்பாவில் கொட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் டோங்காவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏதோ ஒரு கம்பெனியின் சோதனைப் பட்டியல். சால்ட் லேக்கில் நான் வேலை பார்ப்பதைப் போன்ற இன்னொரு கண்ணாடிக் கட்டடத்திலிருந்து எடைக்குப் போயிருக்க வேண்டும். வரிசை எண், செய்ய வேண்டியது, எதிர்பார்க்கும் விளைவு என்று மூன்று பத்தி தெரிந்தது. உண்மையில் என்ன நடந்தது என்ற நாலாவது பத்தி பசைக்குள் மடங்கிப் போயிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மென்பொருளைச் சோதிப்பதுதான் என் வேலை. நாளெல்லாம் அந்த நாலாவது பத்தியை நிரப்புகிறவள் நான். அது இல்லாத காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபோது மிளகாய் நெடி மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. தும்மலோடு தூங்குமூஞ்சி பாபுவும் வந்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் டோங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் மளிகையெல்லாம் சேது மாமா கடையில்தான். அப்பளம், காப்பிப்பொடி, வற்றல் வகைகள் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் அவர் கடைக்கு வித்தியாசமான டோங்காக்கள் வர ஆரம்பித்தன. பாலிகஞ்சில் ஒரு பெரிய பழைய வீட்டை இடிக்கக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் கட்டுக் கட்டாக இருந்த வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ் செய்தித்தாள்கள் எடைக்கு வந்து டோங்காவாகிவிட்டன. டீ நிறத்தில் இருக்கும். தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். பருப்பைப் போட்டால் கிழிந்துவிடும் என்று சேது மாமாவுக்கு ஒரே எரிச்சல். அதனால் கனமில்லாத சரக்குக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொண்டார். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மிளகாய் வற்றல், பிரிஞ்சி இலை. இந்த நாலில் எதை வாங்கினாலும் பாபு கிடைப்பார்.

வாரம் ஒரு முறை வந்த படத்தொடர் அது. இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம், மொத்தம் ஆறு. வேட்டிக்கு மேல் கோட்டு, தொங்கு மீசை, கக்கத்தில் குடை என்று ஒரு பாபு. முதல் கட்டத்தில் சாய்வு நாற்காலியில் நெஞ்சின்மேல் செய்தித்தாளோடு தூங்கிப்போவார். நடுவில் நாலு கட்டம் கனவு. ஆறாவதில் விழித்துக்கொள்வார். படம் போட்டவர் யாரென்று தெரியாது. மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கையெழுத்து இருக்கும், ஒரு எழுத்துக்கூடப் பிடிபடாது. தொடருக்குப் பெயர் இருந்திருக்கும். அது எப்போதும் மடிப்பில் போய்விட்டதால் தூங்குமூஞ்சி பாபு என்று நானே வைத்தேன்.

அப்பாவை மனதில் வைத்துத்தான் வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்பா ஒரு கப்பல் பட்டறையின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தார். தலைமயிர் தடிமனில் நூறு கோடு பிசகாமல் போடுவார். ஆனால் தூக்கம் என்று வந்தால் அவருக்கு நிகர் இல்லை. டிராமில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவார். அலாரம் கடிகாரம் அவரைத் தவிர மூன்று வீட்டை எழுப்பியதால் அதை அம்மா நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் அம்மா வந்து அவர் தோளில் கை வைத்து, "ஏன்னா, மணி அஞ்சே முக்கால்" என்பாள். அவர் கண்ணைத் திறக்காமல், "அஞ்சே நிமிஷம்" என்பார். அம்மா தரமாட்டாள். "அதெல்லாம் இல்லை, எழுந்திருங்கோ" என்று போர்வையை இழுப்பாள். அடுத்த அறையில் படுத்திருக்கும் எனக்கு அந்த மூன்று வசனமும்தான் விடியல். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட அந்த ஐந்து நிமிஷத்தை வாங்கியதில்லை என்று அப்பா எல்லோரிடமும் புலம்புவார்.

அதனால் பாபுவின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஆபீஸிலிருந்து வந்ததும் "இன்னிக்கு அவன் எங்க தூங்கினான்?" என்று கேட்பார். வெட்டி எடுத்த டோங்காக்களை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. எண், என்ன கனவு, எத்தனை கட்டம் கிடைத்தது, என்ன வாசனை என்று நாலு பத்தி போட்டிருந்தேன். (சிரிக்காதீர்கள், எல்லாம் சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது.) குடைக் கனவுக்கு மிளகாய் வாசனை. பாபு விரித்த குடை விரிந்துகொண்டே போய்த் தெருவை மூடி, ஊரையே மூடிவிடும். கை வலித்தாலும் இறக்க முடியாமல் அவர் நிற்பார், கீழே ஒருவர் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுவார். இழுப்பறைக் கனவுக்குப் பிரிஞ்சி இலை வாசனை. அதில் கண்ணாடியைத் தேடி மேஜை இழுப்பறையைத் திறப்பார். உள்ளே ஒரு தெரு இருக்கும், அந்தத் தெருவின் வீடுகளெல்லாம் இழுப்பறைகளாக இருக்கும்.

திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்றைக் கவனித்தேன். முதல் கட்டத்துக்கும் ஆறாவதுக்கும் போட்டிருந்த சட்டம் நேர்கோடு. நடுவில் இருக்கும் நாலு கட்டத்தின் சட்டம் லேசாக நடுங்கியது. அப்பாவிடம் சொன்னேன்.

"அச்சு ஆட்டம்டி அது" என்றார்.

"எல்லாத்துலயும் நடுக் கட்டம் மட்டும் ஆடுமா?"

மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்தார். அரைமணி நேரம் கழித்து, "முழிச்சுண்டு இருக்கறதை ஸ்கேல் வெச்சுப் போட்டிருக்கான். கனவை வெறுங்கையால போட்டிருக்கான். படவா, என் கண்ணுல படலையே" என்றார். தோற்றதற்கு அபராதமாகப் புச்கா வாங்கிக் கொடுத்தார், பானிபூரிக்கு இங்கே அதுதான் பெயர். வரைபடத்துக்காரர் ஒருவரைக் கோட்டு விஷயத்தில் ஜெயித்தவள் என்று ஒரு வாரம் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

எங்களுக்கு இருந்த ஒரே குறை ஆறாவது கட்டம்தான். பக்கத்தின் வலது கீழ் மூலையில் அது இருந்ததால் பாதி டோங்காக்களில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். கிடைத்தவற்றில் எல்லாம் ஒரே மாதிரிதான். அதே சாய்வு நாற்காலி, மேலே பார்க்கும் பாபு, சட்டத்துக்கு வெளியேயிருந்து நீண்டு அவர் தோளைத் தொடும் வளையல் போட்ட ஒரு கை. கைக்குரியவளின் முகத்தை ஒரு தடவைகூடப் போட்டதில்லை. கட்டம் கிடைக்காதபோது நானும் அப்பாவும் அவரை எப்படி எழுப்புவது என்று கதை கட்டுவோம். அம்மா காய் நறுக்கியபடி, "கைதான் எழுப்பும், வேற யாரு எழுப்பப்போறா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அம்மா சுண்டைக்காய் வற்றல் வாங்கி வந்தாள். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. டோங்கா காலியானால்தான் எனக்கு. அதுவரை அலமாரியில் நிற்கும், வெளியிலிருந்து மட்டும் பார்த்துக்கொள்ளலாம். எட்டிப் பார்த்தேன். பாபு கங்கைப் படித்துறைக்குக் குளிக்கப் போகிறார். இரண்டாவது கட்டத்தில் படிகள் சாதாரணமாக இருக்கின்றன. மூன்றாவதில் ஒவ்வொரு படிக்கும் குதிக்க வேண்டியிருக்கிறது. நாலாவதில் படி அவரைவிட உயரம், விளிம்பில் விரலால் தொங்குகிறார். ஐந்தாவதில் அடியில் எறும்பளவு நிற்கிறார். தண்ணீர் இன்னும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது, மேலேயும் ஏற முடியாது. அண்ணாந்து வாயைத் திறந்து கூப்பிடுகிறார். வாயிலிருந்து கிளம்பும் பேச்சுக்குமிழியில் ஒரு எழுத்துகூட இல்லை, வெறும் வெள்ளை. அதோடு காகிதம் வெட்டுப்பட்டிருந்தது. ஆறாவது இல்லை.

அப்போதுதான் இரண்டாவது கண்டுபிடிப்பு. வரைந்தவர் படித்துறையில் அத்தனை வெயில் போட்டிருந்தார், ஆனால் பாபுவின் காலடியில் நிழல் இல்லை. ஓடிப்போய் டின்னைத் திறந்து எல்லாவற்றையும் பரப்பினேன். முதல் கட்டத்திலும் ஆறாவதிலும் நாற்காலிக்கடியில் கறுப்பாக நிழல் இருந்தது. கனவுக் கட்டம் ஒன்றில்கூட, குடைக்குக்கூட, நிழல் இல்லை. அடுத்த புச்காவை நினைத்துக்கொண்டு அப்பா வரக் காத்திருந்தேன்.

அப்பா வந்தார். பல் கிட்டித்துக்கொண்டு நடுங்கியபடி வந்தார். மூன்று போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. "அப்பா, நிழல்" என்று ஆரம்பித்தேன். "நாளைக்குடி கண்ணா" என்றார். இரண்டு நாள் கழித்து அவர் பேச்சு குழறியது. அம்மாவைப் பார்த்து ஏதோ ஒரு கப்பலின் பெயரைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நினைவில்லை. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

என்னைக் கீழ்வீட்டுக் காக்கிமாவிடம் விட்டார்கள். காக்கிமா என்றால் சித்தி. பக்கத்து வங்காளி வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் அங்கே சாப்பிட்ட நாட்களில் அவர்கள் வீட்டில் மீன் சமைக்கவில்லை. காக்கிமாவின் கணவர் பருப்பையும் உருளைக்கிழங்கையும் பார்த்தபடி சாப்பிட்டு எழுவார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கு உயிரான இலீஷ் மீன் வரும் மாதம் வேறு அது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு. சின்னவர்களை மேலே விடமாட்டார்கள். நானும் காக்கிமாவும் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். சேர்த்த நாலாம் நாள் அம்மா இறங்கி வந்து காக்கிமாவிடம் மெதுவாகப் பேசினாள். எனக்குப் புரியக்கூடாது என்று வங்காளத்தில் பேசினாள். தமிழைவிட எனக்கு அது நன்றாக வரும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, ஜுரம் இறங்கிவிட்டது, ஆனால் கண்ணைத் திறக்கவில்லை, திறப்பாரா என்று டாக்டரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் பின்னலைச் சரிசெய்துவிட்டு மேலே போனாள்.

அந்தப் பெஞ்சிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாபு படித்துறையின் அடியில் நிற்கிறார். கூப்பிடுகிறார், சத்தம் வரவில்லை. ஆறாவது கட்டம் எங்கேயோ இருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் அப்பா எழுந்திருக்கமாட்டார். பத்து வயதில் இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சேது மாமா கடைக்குப் போனேன். ஐம்பது கிராம் சுண்டைக்காய் கேட்டேன். அதற்கடுத்த நாள் மணத்தக்காளி ஐம்பது, மிளகாய் ஐம்பது, பிரிஞ்சி இலை. எல்லாம் தனித்தனி டோங்காவில் வேண்டும், அதுவும் பழுப்புக் காகித டோங்காவில் வேண்டும் என்று சொன்னேன். எல்லாம் எங்கள் வீட்டுப் பெயரில் எழுதிக்கொள்ளப்பட்டது. காக்கிமா வீட்டு மேஜையில் வற்றல் மலை எழுந்தது. அவர்கள் வாழ்க்கையில் மணத்தக்காளியையே பார்த்ததில்லை. காக்கிமா ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் இதையா கொடுக்கிறார்கள் என்று கவலையோடு கேட்டார். நான் டோங்காக்களை அடிப்பசைக்குச் சற்று மேலே கத்தரியால் வெட்டி, அடிப்பாகத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, விரித்துப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் வெட்டுவேன். நிறைய பாபு கிடைத்தார். படித்துறை கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சேது மாமா தராசை வைத்துவிட்டுக் கல்லாவுக்கு இந்தப்பக்கம் வந்தார்.

"ஏண்டிம்மா, உங்கம்மா வத்தக்குழம்புக் கடை வெக்கப்போறாளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுநடுவே விக்கிக்கொண்டு சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த பழுப்பு டோங்காக்களையெல்லாம் இழுத்துக் கல்லாமேல் போட்டு என்னோடு சேர்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். காத்திருந்தவர்களைப் பார்த்து, "செத்த நில்லுங்கோ, அவசரம்" என்றார். கிடைக்கவில்லை. கடைசியில், இதையெல்லாம் ஒட்டுகிறவள் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருக்கிற ஜர்ணா மாசி, அவளைக் கேட்டுப் பார் என்றார்.

காக்கிமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஜர்ணா மாசி வாசல்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பசைச்சட்டி. பசை இளநீலமாக இருந்தது. கரப்பான் தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலந்திருப்பதால் கையை வாயில் வைக்காதே என்பதுதான் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. நான் பாபுவைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓய் கோஃப்வாலா பாபு?" என்றாள். அந்த மீசைக்கார பாபுதானே என்று கேட்டாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் பாபு எங்களுக்குக் கிடைத்தார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எழுத்தெல்லாம் உள்பக்கம், படமெல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி அவள் மடிப்பாள். வாங்குகிறவர்கள் படத்தைப் பார்க்கட்டுமே என்று. ஆனால் அந்தக் கட்டு தீர்ந்துபோயிருந்தது. ஒரு தாள்கூட இல்லை. மூலையெல்லாம் ஏன் வெட்டினீர்கள் என்று நான் கேட்டது அதிகப்பிரசங்கித்தனமாக இருந்திருக்கும். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த டோங்காவைக் கவிழ்த்துக் காட்டினாள். அந்தக் காகிதத்தின் ஓரம் நொறுங்கும், அதனால் மூலையை வெட்டிவிடுவேன். அடியும் நொறுங்கும், அதனால் வெட்டிய மூலையை அதே டோங்காவின் அடியில் உள்பக்கமாகத் தாங்கலுக்கு ஒட்டிவிடுவேன். ஒன்றையும் எறியமாட்டேன் என்றாள்.

நான் குப்பையில் போட்ட அடிப்பாகங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. குடை, இழுப்பறை, இன்னும் எத்தனையோ. கிடைக்காமல் போன கடைசிக் கட்டங்களையெல்லாம் நானே கத்தரித்து எறிந்திருந்தேன். படித்துறை மட்டும்தான் பாக்கி. அப்பா படுத்ததிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சுண்டைக்காய் தீரவில்லை. டோங்கா காலியாகாததால் அது இன்னும் எனக்குச் சொந்தமாகவில்லை. அலமாரியில் முழுசாக நின்றுகொண்டிருந்தது.

ஜர்ணா மாசி சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு அகலத் தட்டில், காக்கிமாவும் நானும் அந்த அடிப்பாகத்தைப் போட்டோம். இழுக்கக் கூடாது, பசை தானாக விட வேண்டும். சுண்டைக்காயின் கசப்பு வாசனையோடு தண்ணீர் மெல்ல நீலமானது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு துண்டுக் காகிதம் தனியாக மிதந்தது.

ஆறாவது கட்டம். ஆனால் பாதி. பசை எங்கே தடிமனாக இருந்ததோ அங்கே மை அதோடு போயிருந்தது. பாபுவின் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் நீலக்கறை. கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, தெரியவில்லை. காக்கிமா என் தலையைத் தடவினார். நான் குனிந்து பார்த்தேன். நாற்காலியின் கால்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, கறுப்பாக, நிழல் இருந்தது. சட்டம் நேர்கோடு. வளையல் போட்ட கை தோளின்மேல் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா கீழே வந்ததும், காகிதத்துக்குள் காகிதமாக மடித்து வைத்திருந்ததை நீட்டினேன்.

"நிழல் இருக்கும்மா."

"என்னடி இது?"

"முகம் போயிடுத்து. ஆனா நிழல் இருக்கு, அப்படின்னா முழிச்சுண்டாச்சு. தானா ஒரு நாளும் முழிச்சுண்டதில்லைம்மா. எல்லாத்துலயும் கை வந்து தொடறது."

அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத முகம். நான் சொன்ன நிழல் அவளுக்குப் புரிந்திருக்காது. கையை மட்டும் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"என்னைக் கிட்ட விடமாட்டேங்கறா. கண்ணாடிக்கு வெளியிலேர்ந்துதான் பாத்துண்டு வரேன்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, தனக்குள் சொல்லிக்கொண்ட மாதிரியும் இருந்தது. பிறகு விறுவிறுவென்று படியேறிப் போனாள்.

மேலே நடந்தது அம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரியும். அங்கே ஒரு மலையாளி நர்ஸ் இருந்தாள். அவளிடம் அம்மா தமிழிலேயே கேட்டாளாம், ஒரே ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன் என்று. அவள் டாக்டர் அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு அங்கியை மாட்டி உள்ளே விட்டாள். அம்மா அப்பாவின் தோளில் கை வைத்து, "ஏன்னா, மணி அஞ்சே முக்கால்" என்றாள். "பொய் சொல்லலைடி, நெஜமாவே அஞ்சே முக்கால்தான். சாயங்கால அஞ்சே முக்கால்" என்று இதைச் சொல்லும்போதெல்லாம் சேர்த்துக்கொள்வாள்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் அம்மா போய்ச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தோளில் கை வைத்துச் சொன்னபோது அப்பாவின் நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறக்காமல், கரகரவென்று, "அஞ்சே நிமிஷம்" என்றார்.

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அம்மா கட்டிலோரம் நின்று, "எடுத்துக்கோங்கோ" என்றாள். அவள் கொடுத்த ஒரே ஐந்து நிமிஷம் அதுதான்.

மருந்துதான் காப்பாற்றியது. இதை எழுதுகிறவள் சோதனை செய்து பிழைப்பவள். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் முன்னது காரணமாகிவிடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அலுக்காமல் சொல்கிறவள். இருந்தாலும் அந்த நோட்டுப் புத்தகத்தில் படித்துறைக் கனவுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு டிக் போட்டேன். அதை இன்றுவரை அழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அப்பாவிடம் முதல் வேலையாக நிழலைப் பற்றிச் சொன்னேன். வாதம் செய்யத் தெம்பில்லாமல் ஒப்புக்கொண்டார். புச்காவுக்குத்தான் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. கை நடுக்கம் போனதும், அந்த ஆறாவது கட்டத்தைப் பலகையில் ஊசியால் குத்தி வைத்து, நீலக்கறைமேல் பென்சிலால் முகம் போட்டார். ஒரு கண் திறந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. "மூடியிருக்கற கண்ணுக்கு அஞ்சு நிமிஷம்" என்றார்.

மிளகாய் வாங்கி வந்த அன்று, பரணிலிருந்து அந்த பிஸ்கட் டின்னை இறக்கித் திறந்தேன். உள்ளே பழுப்பாகத் தூள் இருந்தது. விரல் நகம் அளவுக்கு மேல் ஒரு துண்டுகூட முழுசாக இல்லை. எது குடை, எது படித்துறை என்று சொல்ல முடியாது. முகர்ந்தும் பார்த்தேன். காகித வாசனை மட்டும்தான். பழைய செய்தித்தாள்களையெல்லாம் இப்போது படம் பிடித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், தேடினால் பாபு கிடைப்பார் என்று ஆபீஸில் ஒரு தோழி சொல்கிறாள். கிடைக்கலாம். அப்பா போட்ட முகத்துக்குப் பதிலாக வேறொரு முகம் இருக்கும். எனக்கு அவசரமில்லை.

பாலிகஞ்ச் வீட்டின் இடத்தில் அடுக்குமாடி வந்து அதற்கே இப்போது வண்ணம் வெளிறிவிட்டது. சேது மாமா கடையைக் கொடுத்துவிட்டு மகளோடு போய்விட்டார். ஜர்ணா மாசியின் படிக்கட்டில் கைபேசி உறை விற்கிறார்கள். காக்கிமா சால்ட் லேக்கில் மகன் வீட்டில் இருக்கிறார், எப்போதாவது மதியச் சாப்பாட்டுக்குப் போனால் இப்போதும் எனக்காக மீனை ஒளித்து வைக்கிறார். அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. நெஞ்சுவலி, பகல் வேளை, முழு நினைவோடு. எழுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போனார்.

நானும் அம்மாவும் இருக்கிறோம். நான் கைபேசி அதிர்வில் எழுந்துகொள்கிறேன். அம்மா அதற்கு முன்பே விழித்து, கண்ணைத் திறந்தபடி அசையாமல் படுத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். டின்னைத் திறந்த மறுநாள் நான் அதிர்வை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெளியே முதல் டிராமுக்குப் பதிலாக ஒரு ஆட்டோ போயிற்று. அம்மா எழுந்து வரும் சத்தம் கேட்டது. என் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தோளில் கை வைத்தாள்.

"மணி அஞ்சே முக்கால்."

அதே கை, அதே அழுத்தம். மணிகூட அதேதான். அதற்கு முன்னால் வரும் அந்த "ஏன்னா" மட்டும் வரவில்லை. இந்த வீட்டில் இனி அது யாரையும் கூப்பிடாது. நான் கண்ணைத் திறக்காமல், "அஞ்சே நிமிஷம்" என்றேன். அம்மா போர்வையை இழுக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.